வாசலில் கழற்றிய காலணிகள்

ஞாயிறு மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறவர்கள் வாசலில் காலணியைக் கழற்ற வேண்டும், படம் எடுக்கக் கூடாது. சிட்னியின் மாரிக்வில் பகுதியில் இந்தச் சாப்பாட்டைத் தொடங்கிய நாளிலிருந்து விதிகள் இவை இரண்டுதான். வருகிற பெண்களில் பாதிப்பேர் பெண்களை நேசிப்பது சொந்த வீட்டுக்குத் தெரியாது. மீதிப்பேருடைய வீடுகளுக்குத் தெரிந்துவிட்டது; அதனால்தான் இங்கே வருகிறார்கள்.

லூப்பே இரண்டாவது வகை. டோங்கா தீவுக்காரி. பிரிஸ்பேனிலிருந்து ஓடிவந்து என் பின்னறையில் தங்கியிருந்தாள். அவளைத் தூக்கிப்போக அண்ணன் சிட்னிக்கே வந்துவிட்டான் என்று தகவல் வந்ததிலிருந்து, கதவுமணி அடித்தால் நான்தான் முதலில் எழுவேன்.

அந்தச் சமயத்தில்தான் ஹெஸ்டர் வந்தாள். ஐம்பதைத் தாண்டியவள். டப்போ பக்கம் ஆட்டுப்பண்ணையாம். பாவ்லோவா கேக் கொண்டுவந்தாள். இங்கேயே தங்குகிறவர்கள் யார், பின்னறையில் யார் என்று விசாரித்தாள். எல்லோரையும் கண்ணு என்றாள். அந்த அன்பு எனக்கு உறுத்தியது. அன்பைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவளாக நான் எப்போது மாறினேன் என்று யோசித்துக்கொண்டே அவளுக்குத் தேநீர் ஊற்றினேன்.

என் சந்தேகத்தை, ஞாயிறுதோறும் என்னோடு சமைக்கும் பின்னியிடம் சொன்னேன்.

"நீ போலீஸ்ல சேர்ந்திருக்கணும்டி ரோ. கேக் கொண்டுவந்தவளைக்கூட விடமாட்டே."

அடுத்த வாரம் ஹெஸ்டர் வாசலில் குனிந்து நின்றாள். கையில் செல்பேசி. சமையலறைக்கு அழைத்துப்போய் என்ன படம் எடுத்தாள் என்று கேட்டேன்.

"செருப்பைத்தான் கண்ணு. முகம் எதுவும் விழலையே?"

தயங்காமல் காட்டினாள். போன வாரமும் ஒன்று எடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய ஒரு பக்கத்தில் போட்டிருந்தாள். ஊர்ப்பெயர் இருந்தது. சுவரில் எங்கள் வீட்டு எண் தெரிந்தது. வரிசை நடுவில் லூப்பேயின் வெள்ளைக் கான்வாஸ் ஷூ, அவளே சிவப்புப் பூக்கள் வரைந்தது. அதை அவள் அண்ணன் எந்தக் குவியலிலும் கண்டுபிடித்துவிடுவான். படத்துக்குக் கீழே, 'ஒரே வாசலில் இத்தனை பேர். நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்' என்று எழுதியிருந்தாள். அதை இரண்டு தடவை படித்தேன். படிக்கிறவர்கள் இளக வேண்டும் என்றே எழுதியிருப்பாளோ என்றும் உடனே தோன்றியது. அதை விரும்பி இதயக்குறி போட்டவர்களின் பெயர்களைப் பார்த்தேன். ஒன்றுகூட நிஜப்பெயர் மாதிரி இல்லை.

இரண்டு படங்களையும் அழிக்கச் சொன்னேன். அழித்தாள். ஆனால் முதல் படம் ஒரு வாரமாக வெளியே இருந்திருக்கிறது; லூப்பே இனி இங்கே இருக்க முடியாது. மலைப்பக்கம் பின்னியின் தோழி ஒருத்தி இருந்தாள், அங்கே அனுப்பலாம். என் வண்டியோ தெருவுக்கே தெரிந்த வண்டி.

"என் வண்டி இங்க யாருக்கும் தெரியாது. நான் கொண்டுபோய் விடறேன்" என்றாள் ஹெஸ்டர்.

அண்ணன் அனுப்பிய ஆளாக இருந்தாலும் இதையேதான் சொல்வாள். நான் முடியாது என்றேன். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்ட லூப்பே என் தோளைத் தொட்டாள்.

"எங்கண்ணனுக்கு இவ்ளோ மூளை கிடையாதுக்கா. போறது நான்தானே? நான் சொல்றேன், இவங்ககூடப் போறேன்."

தன் ஷூவை விட்டுவிட்டு என் தோட்டத்து பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஹெஸ்டரின் வண்டியில் ஏறினாள். தெருமுனை திரும்பும்வரை வண்டி எண்ணை மனதில் ஏற்றிக்கொண்டேன். பாத்திரம் கழுவும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னி இம்முறை கேலி செய்யவில்லை.

இருட்டுவதற்குள் அழைப்பு வந்தது. லூப்பேதான். போய்ச் சேர்ந்துவிட்டாளாம். வழியெல்லாம் அந்த அம்மா ஆடுகளைப் பற்றியே பேசிக் கொன்றுவிட்டாளாம். சிரித்தாள். பிறகு ஹெஸ்டர் வாங்கிப் பேசினாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நான் வரலாமா?"

"வாங்க. போனை மட்டும் வண்டியிலயே வெச்சுட்டு வாங்க."

வாய் அப்படிச் சொன்னது. மனதுக்குள் அப்போதும் அந்த வண்டி எண் ஓடிக்கொண்டிருந்தது.