எந்த இரும்பு

அன்னவாசலுக்கு மேற்கே, உண்டு களைத்த யானைகள் ஒருக்களித்துப் படுத்தனபோலக் கரும்பாறைகள் கிடக்கும் வறண்ட நிலத்தின்மேல், மார்கழித் திங்களின் முன்பனி மெல்ல விலக, இளங்கதிரவன் செம்மண் மேட்டைத் தொட்டுக் கண்மாய்க் கரையேறி, நீரில் இறங்கி நடந்து, மடைவாயில் கிடந்த ஒரு கல்லின்மேல் வந்து தங்கினான். படிப்போர் அக்கல்லைச் சற்றே கூர்ந்து நோக்குவாராக. முதல்நாள் மழையில் கரை சரிய உருண்டு விழுந்த அது, இரண்டு வயல்களுக்குச் செல்லும் நீரைத் தன் முதுகால் மறித்துக் கிடந்தது. பால் பிடிக்கும் பருவத்து நெல், கடைசித் தண்ணீருக்கு வாய்திறந்து நின்றது. மன்னராட்சி நீங்கி ஆறாண்டுகள் கழிந்திருந்தன. எனினும், அம்மடையில் முதல்நீர் யாருக்கு என்னும் பூசலை எந்த ஆட்சியும் தீர்த்துவைக்கவில்லை.

வயல்களுள் ஒன்று மலையாண்டியினுடையது. மற்றொன்று அவன் பங்காளி ரெங்கசாமியினுடையது. மலையாண்டியின் மனைவி கண்ணாத்தாள், பெண்மகவு ஒன்றை அண்மையில் ஈன்று, பச்சை உடம்போடு இருண்ட உள்ளறையில் படுத்திருந்தாள். காற்றுங் கருப்பும் அணுகாதிருக்க, அவள் தலைமாட்டில் பாயின்கீழ் ஓர் அரிவாள் வைக்கப்பட்டிருந்தது.

இரும்பு என்னும் சொல்லோ, பல வீடுகளுக்கும் சென்று வேலை செய்து பிழைக்கும் கூலியாளைப் போன்றது. உழவனிடம் அது கொழு, வண்டியில் அச்சு, அடுப்பங்கரையில் கரண்டி, குற்றவாளியின் கையில் விலங்கு. ஆயின், அவ்வூர்ப் பிள்ளைபெற்ற வீட்டில் மட்டும் அச்சொல்லுக்கு ஒரே பொருள். பச்சைமகவின் செவியில் வெட்டும் கருவியின் பெயர் விழலாகாது என்று, பாயின்கீழ்க் கிடக்கும் அரிவாளை அனைவரும் ‘இரும்பு’ என்றே சொல்வர். மலையாண்டியும் ஒவ்வொரு நாளும் வயலுக்குப் புறப்படுமுன், “இரும்பு கெடக்கு, பயப்படாதே” என்று சொல்லிவிட்டே படி இறங்குவான்.

அன்றும் அவ்வாறே சொல்லிச் சென்றவன், கல்லைக் கையால் அசைக்க முயன்று தோற்று, அவ்வழியே ஆடோட்டி வந்த சந்தனத்தை வீட்டுக்கு அனுப்பினான். சந்தனம் வாயிலில் நின்று குரல்கொடுத்தான்.

“மதினி, அண்ணன் இரும்பைக் கேக்குது. வெரசா வேணுமாம்.”

“எந்த இரும்பு?”

“இரும்புன்னுதான் சொன்னிச்சு. ஆடு அங்கிட்டு நெல்லுல வாய வைக்கிது, குடுங்க மதினி.”

“அங்க வேற யாரு நிக்கிறாக?”

“ரெங்கசாமி அண்ணன் எதுத்த கரையில நிக்குது. மொறைப்புக்குக் கொறச்சல் இல்ல.”

கண்ணாத்தாள் நெஞ்சில், புற்றில் புகுந்த பாம்பைப்போல அச்சம் சுருண்டது. நாலு நாள் முன்னர்தான் அந்த ரெங்கசாமி, “பொட்டப்புள்ள பொறந்த வீட்டுக்கு எதுக்கப்பா இம்புட்டுத் தண்ணி?” என்று மடையில் நின்று எள்ளியதும், அதைக் கேட்டுவந்த கணவன் உண்ணாது படுத்ததும் அவள் நினைவில் எழுந்தன. மாட்டுக்கொட்டிலின் மூலையில் சாய்ந்திருந்த கடப்பாரை அவள் எண்ணத்தில் எழவே இல்லை. பாயின்கீழ்க் கைவிட்டு அரிவாளை எடுத்து, இரும்பைக் கைக்குக் கை கொடுத்தால் பகை மூளும் என்னும் வழக்கப்படி அதைத் தரையில் வைத்தாள். சந்தனம் குனிந்து எடுத்துக்கொண்டான்.

மடைக்குச் சென்றவன், அதே வழக்கத்தைப் பேணி, அரிவாளைக் கரைமேல் வைத்துவிட்டு ஆடுகளின் பின்னே ஓடினான். மலையாண்டி முழங்கால் நீரில் நின்றிருந்தான். ரெங்கசாமியோ அதற்குள் இக்கரைக்கு வந்து நின்றிருந்தான். கல் பெயர்க்க நின்ற தனக்கு அரிவாள் எதற்கு என்று மலையாண்டி வியந்து நிமிர்வதற்குள், தன்னை வெட்டவே அது வரவழைக்கப்பட்டது என்று கருதிய ரெங்கசாமி பாய்ந்து அதை எடுத்தான். அதன்பின் அக்கல்லருகே தேங்கிய நீரின் நிறத்தை உரைக்க இப்புனைவுக்கு மனமில்லை. கல்லைத் தொட அஞ்சி ஊரார் ஒதுங்க, இரு வயல்களின் நெல்லும் அவ்வாண்டு பதராயிற்று.

வழக்கு மன்றமேறுமுன் ஒருநாள், ரெங்கசாமியின் மனைவி பொன்னுத்தாய் வந்து, வாயிற்படிக்கு வெளியே நின்றாள்.

“உள்ள வரச் சொல்ல மாட்டே, தெரியும். நான் கேக்குறதெல்லாம் ஒண்ணுதான். ஒம்புருசன் அருவாளத்தான் கேட்டு விட்டாருன்னு சொல்லிரு. ஒன் வாயிலதான் எம்புருசன் கழுத்து இருக்கு.”

“எம்புருசன் செத்தும் கொலைகாரனாகணுமா?”

“செத்தவுகளுக்குப் பேரு எதுக்கு, கண்ணாத்தா?”

“எம்மகளுக்கு வேணுமே.”

பொன்னுத்தாய் திரும்பி நடந்தாள். கண்ணாத்தாளோ அன்றிரவு உறங்கவில்லை. கடப்பாரையைக் கேட்டார் என்றால் ஒருவன் தூக்கில் தொங்குவான். அரிவாளைக் கேட்டார் என்றால், மண்ணுள் மறைந்தவன் மறுபடியும் சாவான்.

புதுக்கோட்டையில் நீதிபதிமுன் அவள் கூண்டேறி நின்றபோது, தோளில் மகவு உறங்கியது. “உன் கணவன் கேட்டது என்ன?” என்றார் வழக்கறிஞர்.

“இரும்பு கேட்டாக.”

“எந்த இரும்பு?”

தானே அன்று சந்தனத்திடம் கேட்ட கேள்வி, ஊரெல்லாம் சுற்றித் தன்னிடமே திரும்பியதை அவள் உணர்ந்தாள். மகவு பிறந்த நாள்முதல் தன் நாவால் சொல்லாத பெயரை, அம்மகவை அணைத்தபடியே சொன்னாள்:

“அவுக கேட்டது கடப்பாரை. நான் குடுத்து விட்டது அருவா. எதுத்து நின்னவருக்கு அது தெரிய வழியில்லைங்க.”

ரெங்கசாமி தூக்குக்குத் தப்பி நெடுஞ்சிறை புகுந்தான். மலையாண்டியின் பெயர் மாசின்றி மீண்டது. புருசனைக் கொன்றவள் என்னும் பெயரோ கண்ணாத்தாள்மேல் விழுந்தது; அதை அவள் மறுத்ததில்லை.

தீர்ப்புக் கேட்டுப் பேருந்திலிருந்து இறங்கிய அன்று மாலையே, கண்ணாத்தாள் கொட்டிலில் துருவேறி நின்ற கடப்பாரையைத் தோளிலேற்றி மடைக்குச் சென்றாள். பொன்னுத்தாய் அங்கே, வெடித்த வயலைப் பார்த்தபடி நின்றாள். கண்ணாத்தாள் அதைத் தரையில் வைத்து, “இது கடப்பாரை” என்றாள். பொன்னுத்தாய் குனிந்து அதை எடுத்தாள். இருவருமாகப் பெயர்த்த கல் புரண்டு கரையோரம் ஒதுங்கியது. நீர் வந்தது, ஆயினும் அதைக் குடிக்க ஒரு நெல்லும் அங்கே இல்லை.

அந்தப் பெண்மகவு வளர்ந்து பேசக் கற்றபோது, கொழு, ஆணி, கரண்டி, அரிவாள், கடப்பாரை என ஒவ்வொன்றையும் அதனதன் பெயராலேயே அறிந்தது. இரும்பு என்னும் சொல்லை மட்டும் அவ்வீட்டில் அது ஒருநாளும் கேட்டதில்லை.