முப்பத்தொன்பது டிகிரி

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்போது 2001, மே மாதம். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அடுத்த வாரம் வகுப்போடு சயன்ஸ் கேம்ப் போகிறாள். சாந்தா குரூஸ் மலையில் ஐந்து நாள். அவளுக்கு நீரிழிவு உண்டு என்பதால் பள்ளிக்கூட நர்ஸ் தனியாக ஒரு படிவம் கொடுத்தனுப்பினார். அதில் பதினோராவது கேள்வி: 'உங்கள் குழந்தை மருந்து சம்பந்தமான சிக்கல் எதையாவது எப்போதாவது மறைத்ததுண்டா? ஆம் எனில் விளக்கவும்.' விளக்குவதற்கு மூன்று கோடுகள் போட்டிருந்தார்கள்.

'ஆம்' என்று எழுதினேன். முதல் கோட்டில், 'ஆகஸ்ட் 1999, நெவாடா. ஃப்ரிட்ஜ்—' என்று தொடங்கியதும் கை நின்றுவிட்டது. ஃப்ரிட்ஜ் என்றால் எந்த ஃப்ரிட்ஜ், அதற்குள் ஏன் ஒரு விசிறி, அந்த விசிறியால் யார் ஏமாந்தார்கள் என்பதையெல்லாம் சொல்லாமல் அந்த வாக்கியத்தை முடிக்க முடியாது. இன்னொரு தாள் எடுத்தேன். அது தமிழில் வந்தது. படிவம் இன்னும் மேசை மேல்தான் கிடக்கிறது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

'நெவாடா பாலைவனத்தின் நடுவே, ஆகஸ்ட் வெயிலில், ஒரு பழைய வெள்ளை வண்டி நத்தையைப் போல—'

அடித்துவிட்டேன். ஓடுகிற அந்த வண்டியை நான் வெளியே நின்று பார்த்ததே இல்லை. உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். அப்படியானால் நத்தையைப் பார்த்தது யார்?

இரண்டாவது:

'வசந்தாமணி எதற்கெடுத்தாலும் பயப்படுகிற பெண்.'

இது பொய். மில்பிடாஸ் என்ற ஊருக்குக் குடிவந்து மூன்றே வாரத்தில் தனியாக ஃப்ரீவேயில் கார் ஓட்டியவள் அவள். அவளுடைய பயத்துக்கு ஒரு பிறந்த தேதி உண்டு. 1998 பிப்ரவரியில் எட்டு வயது வெண்பா பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். அன்றிலிருந்து வாழ்நாள் முழுக்க இன்சுலின் என்றார்கள். அதன்பின் வெண்பா எந்தத் தோழி வீட்டிலும் இரவு தங்கவில்லை. பிறந்தநாள் விழாக்களுக்குப் போனால் அம்மாவும் கூடவே போய், அந்த வீட்டுச் சமையலறையில் நின்றாள். வெண்பா குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்றாள்.

(வசந்தாமணி, வெண்பா, கிட்டுசாமி எல்லாம் நான் வைத்த பெயர்கள். வசந்தாமணி நான்தான். அந்த நாளை எழுதும்போது 'நான்' என்று எழுத வரவில்லை. அதனால் முடிந்தவரை அவளை முன்னால் அனுப்பிப் பார்க்கிறேன். என் கணவருக்குக் கிட்டுசாமி என்ற பெயர் பிடிக்கவில்லை. வேறு வைக்கச் சொன்னார். வைக்கவில்லை.)

3

கிட்டுசாமி மில்பிடாஸில் டிஸ்க் டிரைவ் செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினியர். சூட்டிலும் குளிரிலும் வைத்து ஒரு பொருள் எப்போது கெடுகிறது என்று பார்ப்பதுதான் வேலை. மகளும் மனைவியும் ஒன்றரை வருடமாக வீட்டைவிட்டு நகராததைப் பார்த்தவர், கூட வேலை பார்க்கும் சிவராமகிருஷ்ணனிடம் அவருடைய பழைய ஆர்.வி.யை இரவல் வாங்கி வந்தார். கட்டில், அடுப்பு, கழிப்பறை, ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ள வண்டி.

"வீட்டையே கூட்டிட்டுப் போறோம். இதுல பயப்பட என்ன இருக்குது?" என்றார்.

வசந்தாமணி யோசித்துச் சரி என்றாள். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போய் வருவதாக முடிவானது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஃப்ரிட்ஜ் வேலை செய்யுதுங்களா?"

வேலை செய்தது. ஆனால் அது வீட்டு ஃப்ரிட்ஜ் போன்றதல்ல. அதில் ஓடுகிற மோட்டார் கிடையாது, ஒரு சத்தமும் வராது. பின்னால் எரியும் சின்ன கேஸ் சுடர்தான் உள்ளே குளிரை உண்டாக்குகிறது. உள்ளே மேல்பக்கம், பின்சுவரில், சீப்புப் பற்களைப் போல வரிசையாக உலோகத் தகடுகள். குளிர் அங்கேதான் பிறக்கும். காற்றை நகர்த்த எதுவும் இல்லாததால் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். தகட்டை ஒட்டிய பால் ஐஸாக உறையும், கதவுப் பக்கம் இருக்கும் பால் திரியும்.

(இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்று தெரியாது. தெரிந்தவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.)

முதல் நாள் மாலை நாலு மணி. ரீனோ நகரம் தாண்டியாயிற்று. வெளியே வெயில் நூற்றிரண்டு டிகிரி (இந்தக் கதையில் டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட்). வசந்தாமணி ஃப்ரிட்ஜைத் திறந்து நடுத்தட்டில் வைத்திருந்த தெர்மாமீட்டரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது ஃப்ரிட்ஜா, பீரோவா? அம்பத்தெட்டு காட்டுது. நாப்பதுக்குக் கீழ இருக்கோணும்னு சொன்னீங்க."

"வெயில் அப்படி. குளிர்க் குமிழை ஃபுல்லாத் திருப்பி வை."

திருப்பினாள். பிறகு இன்சுலின் இருந்த டப்பாவை எடுத்து, எங்கே அதிகக் குளிர் என்று கையால் தடவிப் பார்த்தாள். மேலே, தகடுகளை ஒட்டி வைத்தாள். உள்ளே இரண்டு குப்பிகள். ஒன்று உபயோகத்தில் இருந்தது, இன்னொன்று மாற்றுக்கு.

கதவைச் சாத்திவிட்டு அவள் சொன்னதை வெண்பாவும் கேட்டாள். "இன்னொரு சின்னப் பிரச்சனை வந்தாக்கூட வண்டியைத் திருப்பிருங்க. யெல்லோஸ்டோனும் வேண்டாம், ஒன்னும் வேண்டாம்."

4

அன்று இரவு வின்னமக்கா என்ற ஊரில் தங்கினார்கள். பாலைவனத்து விடியல் குளிர்ந்திருந்தது. வசந்தாமணி குளிக்கப் போயிருந்தாள். கிட்டுசாமி வெளியே தண்ணீர்க் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெண்பா காலை ஊசிக்காக டப்பாவைத் திறந்தாள். ஆறு மாதமாக அவளேதான் போட்டுக்கொள்கிறாள். அம்மா அளவை மட்டும் சரிபார்ப்பாள்.

இரண்டு குப்பிகளிலும் மருந்து உறைந்திருந்தது.

பத்து வயதுப் பிள்ளை என்ன செய்வாள்? முதல் வரைவில், 'வெண்பா திகைத்தாள்' என்று எழுதினேன். அவளிடம் படித்துக் காட்டியபோது, தான் திகைக்கவில்லை என்றாள். யோசித்தாளாம். ஒரு குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டினாள். உருகி, பழையபடி தெளிவாக, தண்ணீர் மாதிரி ஆனது. மற்றதைச் சட்டைப்பையில் போட்டுச் சூடாக்கினாள். அம்மா தலையைத் துவட்டிக்கொண்டு ஏறி வந்தபோது ஊசியில் மருந்து சரியான கோட்டில் நின்றது.

"ஓகேவா, மா?"

"ம். போட்டுக்கோ, கண்ணு."

5

இனி விசிறி. என் கணவர் இதை ஒழுங்காக எழுதச் சொல்லியிருக்கிறார். போன வரைவில் அவரைத் தன் கைவேலையில் மயங்கிய ஆளாகக் காட்டியிருந்தேன். படித்துவிட்டு, "நான் இப்படியா பேசுனேன்?" என்று கேட்டார். கோபப்படவில்லை. "விசிறி வேலை செஞ்சுது. அதை மட்டும் மாத்திராத" என்றார்.

மாற்றவில்லை. விசிறி வேலை செய்தது.

எல்கோ என்ற ஊரில், பழைய சாமான் விற்கும் கடையில் செத்துப்போன ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதன் முதுகிலிருந்த உள்ளங்கை அகல விசிறியைக் கழற்றிக் கொண்டு மிச்சத்தைக் கடையிலேயே விட்டார். முகாம் விளக்குக்குப் போடும் பெரிய பேட்டரியோடு அதன் இரண்டு வயர்களையும் இணைத்தார். வேண்டிய மின்சாரத்தில் பாதிதான் கிடைத்ததால் மெதுவாகச் சுற்றியது. "மெதுவாச் சுத்துனாப் போதும். காத்து நகரோணும், அவ்வளவுதான்" என்றார். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், காற்று மேலே தகடுகளைப் பார்த்து ஊதும்படி அதை நிறுத்திக் கயிற்றால் கட்டினார். டப்பாவை நடுத்தட்டுக்கு இறக்கினார்.

பதினோரு மணிக்கு ஐம்பத்துநாலு. ஒரு மணிக்கு நாற்பத்தைந்து. மூன்று மணிக்கு முப்பத்தொன்பது. கதவு, நடு, மேல் என்று எங்கே வைத்தாலும் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம். வெண்பா அரை மணிக்கொருதரம் ஆர்வமாகப் பார்த்துச் சொன்னாள்; அவளையே சாலை வரைபடத்தின் பின்பக்கம் குறிக்கச் சொன்னார் கிட்டுசாமி. வசந்தாமணி ஒன்றரை வருடத்தில் முதல்தடவையாக வண்டி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

(வெண்பா அத்தனை ஆர்வமாக ஏன் பார்த்தாள்? ஃப்ரிட்ஜ் சரியானால் மருந்தும் சரியாகிவிடும் என்று நினைத்தாளோ? இந்த இடத்தில் என் பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. கேட்டால், "ஐ டோன்ட் ரிமெம்பர், மா" என்கிறாள். ஞாபகம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.)

6

மதியச் சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை இருநூற்றெண்பது. வெல்ஸ் என்ற ஊரில் வண்டியை நிறுத்தியபோது முந்நூற்றுத் தொண்ணூறு. ஊசி போட்டும் இறங்கவில்லை. வெண்பா தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள்.

"அந்தக் கடையில அவளுக்கு என்ன வாங்கிக் குடுத்தீங்க?"

"ஒன்னும் குடுக்கல."

"ஐஸ்கிரீம் குடுத்தீங்க. அதைச் சொல்லுங்க."

"வசந்தா, சத்தியமா ஒன்னும் குடுக்கல."

"அப்ப மருந்து கெட்டிருக்கும்."

"மருந்து எப்படிக் கெடும்? முப்பத்தொம்போதுல நிக்குது. நீயே போய்ப் பாரு."

போய்ப் பார்த்தாள். முப்பத்தொன்பது. அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஃப்ரிட்ஜ் கெட்டுக் கிடந்திருந்தால் முதல் சந்தேகமே மருந்தின்மேல் வந்திருக்கும். சரியானதால்தான் வரவில்லை. இந்தக் கதையில் நான் சொல்ல வந்ததே இதுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இது பாதிதான்.

வெண்பா வாந்தி எடுத்தாள். மூச்சு ஆழமாக, வேகமாக வந்தது. சிறுநீரில் நனைத்த சோதனைப் பட்டை கரும் ஊதா ஆனது. அது ஆபத்தின் நிறம்.

இதற்குமேல் வசந்தாமணியை முன்னால் அனுப்புவது நியாயமில்லை. டெலிபோன் பூத்துக்கு ஓடியது நான். ஒரு கையில் ரிசீவர், மறுகையில் வெண்பா. என் தோளில் சாய்ந்திருந்தாள். மில்பிடாஸ் டாக்டரின் நர்ஸ் எடுத்தார். நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியாக, "இன்சுலின் எப்போதாவது வெயிலில் இருந்ததா? உறைந்ததா?"

"இல்லை" என்றேன். "என் கணவர் விசிறி வைத்திருக்கிறார். ஃப்ரிட்ஜ் முப்பத்தொன்பது டிகிரியில் இருக்கிறது."

தோளிலிருந்து ஒரு குரல். "இட் வாஸ் ஃப்ரோசன்."

"என்ன கண்ணு?"

"மார்னிங்ல. ரெண்டும். நான்தான் மெல்ட் பண்ணேன்."

நர்ஸுக்கு அது கேட்டிருக்கிறது. "உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்றார். வந்த வழியே எல்கோவுக்கு ஐம்பது மைல். அந்த ஐம்பது மைலை எழுதப் பார்த்தேன். 'அவர் ஓட்டினார். நான் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே—'

இதை முடிக்கப்போவதில்லை.

7

பிழைத்தாள். அதை உங்களிடம் மறைத்து வைத்து விளையாட எனக்கு விருப்பமில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள். கை நரம்பில் சலைனும் புது இன்சுலினும் ஏறின. மறுநாள் காலை எழுந்து டி.வி. ரிமோட் எங்கே என்று கேட்டாள்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குறை சொல்லாமல் விளக்கினார். இன்சுலின் உறைந்தால் தீர்ந்தது. பார்க்கத் தெளிவாக இருந்தாலும் வீரியம் போய்விடும். ஆனால் வெயில் படாமல், சாதாரண அறைச் சூட்டில் ஒரு மாதம்கூடத் தாங்கும். ஐம்பத்தெட்டு டிகிரி அதை ஒன்றுமே செய்திருக்காது.

இது எனக்கு முன்பே தெரியும். வெண்பாவுக்கு வியாதி வந்த வாரம் வகுப்பெடுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள், குறிப்புகூட எடுத்தேன். பயத்தில் மறந்துபோயிருக்கிறது. எந்தச் சிக்கலும் இல்லாத மருந்தை எடுத்து, தகட்டை ஒட்டி வைத்து உறைய வைத்தது நான். அதை மறைத்தது மட்டும்தான் அவள். என் கணவரிடம் இதைச் சொன்னபோது, "குமிழை ஃபுல்லாத் திருப்பச் சொன்னது நான்" என்றார். அவரும் அதை இரண்டு நாளாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மூன்றாம் நாள் காலை கிளம்பினோம். ஃப்ரீவே ஏறும் இடத்துக்கு முன் ஒரு சிக்னல், சிவப்பு. இரண்டு பலகைகள். மேற்கே ரீனோ, அங்கிருந்து வீடு. கிழக்கே சால்ட் லேக், அங்கிருந்து யெல்லோஸ்டோன். எந்தப் பக்கம் என்று நாங்கள் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.

வெண்பா பின்னாலிருந்து எழுந்து வந்து எங்கள் இருவர் இருக்கைக்கும் நடுவே நின்றாள்.

"அம்மா, நான் அப்பவே சொல்லியிருந்தா, யூ வுட் ஹாவ் டர்ன்ட் பேக். ரைட்?"

எத்தனையோ பதில் எழுதிப் பார்த்துவிட்டேன். 'ஆமாம்' என்றால் அது உண்மை. ஆனால் அவள் மறைத்ததற்கு நானே காரணம் எடுத்துக் கொடுத்ததாகும். அடுத்த தடவையும் மறைப்பாள். 'இல்லை' என்றால் பொய், அதுவும் அவளுக்குத் தெரிந்த பொய். 'உனக்கு எதாவது ஆயிருந்தா' என்று அழுதும் ஒரு முடிவு எழுதினேன். அதில் அவள் கேள்வி காணாமல் போய்விடுகிறது. 'இனிமேல் எது சொன்னாலும் திருப்ப மாட்டேன்' என்று எழுதச் சொன்னார் என் கணவர். நல்ல வாக்கியம்தான். என்னால் காப்பாற்ற முடியுமா என்று தெரியாத வாக்கியத்தை அவளிடம் எப்படிச் சொல்வது?

உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: நான் ஒன்றும் சொல்லவில்லை. பச்சை விழுந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் தடுக்கவில்லை, வண்டி கிழக்கே திரும்பியது. யெல்லோஸ்டோன் பார்த்தோம். வெந்நீர் ஊற்று பீறிட்டபோது வெண்பா சிரித்தாள். அந்தக் கேள்வியை அவள் மறுபடி கேட்கவில்லை. வண்டி திரும்பியதையே என் பதிலாக எடுத்துக்கொண்டாளா, பதில் வராது என்று விட்டுவிட்டாளா, தெரியாது.

நடந்ததை எழுதிவிட்டேன். கதை இன்னும் முடியவில்லை. அது என் கையில் இல்லை. அந்த இருக்கையில் நீங்கள் உட்காருங்கள். சிக்னல் சிவப்பில்தான் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி, கையில் ஆஸ்பத்திரிப் பட்டையோடு, உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அவளுக்கு நீங்கள் சொல்லும் பதில்—