நனையாத பொக்கற்

என் கணவர் கஸ்பரிடம் துவக்கு லைசன்ஸ் இருக்கிறது என்றால் சனம் முதலில் சிரிக்கும். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தும்.

"எங்கட ஆக்கள் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தவை. இந்த மனிசன் காசு குடுத்தெல்லோ வாங்கி வைச்சிருக்கிறார்" என்று என் மச்சாள் துஷ்யா எந்தப் பிறந்தநாள் விழாவிலும் சொல்லத் தவறமாட்டாள். கஸ்பர் டென்மார்க்கில் நெடுங்காலம் இருந்தவர். கூட வேலை செய்த டேனிஷ்காரர்களோடு காடு காடாகத் திரிந்து, வேட்டைப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவர். லண்டனுக்கு இடம் மாறியபோது என்னையும் கூட்டி வந்தார், அந்தப் பைத்தியத்தையும் கூட்டி வந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கென்ட் பக்கம் ஒரு வெள்ளைக்கார விவசாயியின் வயலுக்குப் போய், பயிரை மொய்க்கும் காட்டுப்புறாக்களைச் சுடுகிறார். விவசாயிக்குப் பயிர் மிஞ்சும், எங்களுக்குக் கறி மிஞ்சும். நான் குறை சொல்லமாட்டேன். மிளகு தூக்கலாகப் போட்டுப் பிரட்டினால் நன்றாகத்தான் இருக்கும்.

அவருக்குப் புறாவைவிட மழைதான் பெரிய தலையிடி. தோட்டாக்களைப் பையில் போட்டு நிலத்தில் வைத்தால் அடியால் ஈரம் ஏறும். இடுப்புப் பட்டியில் செருகினால் மழைக்கோட்டுக்குக் கீழே போய்விடும். கோட்டைத் தூக்கி எடுப்பதற்குள் புறா அடுத்த ஊருக்குப் போய்விடும். ஜக்கெற் பொக்கற்றில் போட்டால் மூடியின் ஓரத்தால் தண்ணீர் வடியும். நனைந்த தோட்டாவின் பித்தளை அடி பச்சை பூத்து, சுடும்போது குழலுக்குள் இறுகிக்கொள்ளும்.

"கைக்கும் எட்டவேணும், ஈரமும் படக்கூடாது. இது ரெண்டும் சேர்ந்த ஒண்டை இந்த நாட்டில ஒருத்தனும் தைக்கேல்லை" என்று புலம்பினார்.

என்னிடம் அப்படிச் சொல்லக்கூடாது. ஹவுன்ஸ்லோவில் உடுப்புத் திருத்தும் கடை வைத்திருப்பவள் நான். அவருடைய பச்சை ஜக்கெற்றைப் பிரித்துப் போட்டு, உடைந்த குடையின் துணியை உள்ளே வைத்து, மேலே இரட்டை மூடி, கீழே தண்ணீர் வடிய ஒரு சின்ன வலை என்று பெரிய பொக்கற் இரண்டு தைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். கெட்டித்தனம் யாரை விட்டது? இடது கை இடுக்கில், கமக்கட்டுக்குக் கீழே, உள்துணிக்கும் வெளித்துணிக்கும் நடுவில், இலாஸ்டிக் வளையம் இரண்டு வைத்து இன்னொரு சின்னப் பொக்கற்றும் தைத்தேன். எல்லாம் முடிந்தாலும் கடைசி இரண்டு தோட்டா அதில் இருக்கும். எந்த மழைக்கும் நனையாது. வெளியே தட்டிப் பார்த்தாலும், தடவிப் பார்த்தாலும் தெரியாது. அதுதான் எனக்குப் பெருமை. "தேடிப் பாருங்கோ பாப்பம்" என்று அவரிடமே சவால் விட்டேன். அவருக்குக் கண்டுபிடிக்க நேரம் எடுத்தது.

போன மாரியோடு அவருடைய பெருத்த வயிற்றுக்கு அந்த ஜக்கெற் போதாமல் போனது. புதிதாக ஒன்று வாங்கி வந்தார். அதிலும் அதே பொக்கற்றுகளைத் தைத்துக் கொடுத்தேன். பழையதைக் கடைக்குக் கொண்டுவந்து கொளுவியில் தொங்கவிட்டேன், யாருக்காவது உதவும் என்று.

"எல்லாத்தையும் எடுத்திட்டன்" என்றார் கஸ்பர்.

அவர் பெரிய பொக்கற்றுகளைச் சொல்லியிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாலேந்திரா கடைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். ஏர்போர்ட்டில் விமானங்களுக்குள் துப்புரவு செய்யும் ஒரு கம்பனியில் வேலை. குரோய்டன் குடிவரவு ஒஃபிசுக்கு வருடக்கணக்காக அலைந்து விசா கிடைத்தவர். மனைவி சிவகௌரியும் மகளும் இன்னும் வவுனியாவில். நிரந்தர வேலை இருந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம், வேலை இருக்கிறது, பேப்பர் எல்லாம் போட்டாயிற்று என்று போன முறை வந்தபோதே சொல்லியிருந்தார். அன்றைக்கு அவர் கொண்டுவந்தது ஒரு பெண்கள் கோட். மலிவில் வாங்கிய நல்ல கம்பளிக் கோட், கடும் நீலம்.

"அக்கா, இதைச் சிவகௌரியின்ர அளவுக்குச் சின்னனாக்க ஏலுமோ? அளவெல்லாம் போனில கேட்டு எழுதிக்கொண்டு வந்தனான்."

அவர் போட்டிருந்தது மெல்லிய பனியன் மாதிரி ஒன்று. வெளியே காற்று கடையின் கதவையே தள்ளிக்கொண்டிருந்தது. மனைவிக்குக் கம்பளி, தனக்கு ஒன்றுமில்லை. எனக்கு மனம் கேட்கவில்லை. கொளுவியில் இருந்த பச்சை ஜக்கெற்றை எடுத்து, வெளியே ஒரு தரம் தட்டிப் பார்த்து, அவர் தோளில் போட்டேன்.

"வேண்டாம் அக்கா."

"சும்மா போடுங்கோ தம்பி. நாளைக்கு ஷிப்டுக்கு விறைச்சுக்கொண்டு போகப்போறியளோ?"

அந்தப் பொக்கற்றைத் தைத்தவள் நான். தட்டினால் தெரியாது என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் நான். நான்தான் தட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பின்னேரம் போன் வந்தது.

"அக்கா, கடையில ஆக்கள் நிக்கினமோ?"

"இல்லை. என்ன தம்பி?"

"ஜக்கெற்றுக்குள்ள ரெண்டு தோட்டா இருந்திருக்கு அக்கா. வேலைக்குப் போற வாசல்ல எக்ஸ்ரே மெசின்ல காட்டிப்போட்டுது. பொலிஸ் வந்து கூட்டிக்கொண்டு போய் விசாரிச்சது. இப்பதான் விட்டவங்கள். ஏர்போர்ட்டுக்குள்ள போற பாஸைப் பறிச்சுப்போட்டாங்கள்."

தையல் மெசினை நிறுத்தினேன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நீங்கள் பயப்பிடாதேங்கோ. உங்கட பேரை நான் சொல்லேல்லை. பழைய சாமான் விக்கிற கார் பூட் சந்தையில வாங்கினதெண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திட்டன். வியாழக்கிழமை காலமை கம்பனி ஒஃபிஸ்ல விசாரணை வைக்கினம். ஆரும் கேட்டால் என்னைத் தெரியாதெண்டு சொல்லுங்கோ. அண்ணைக்கும் சொல்லி வையுங்கோ."

"ஏன் தம்பி அப்பிடிச் சொன்னனீங்கள்? அவரிட்ட லைசன்ஸ் இருக்கு."

 அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"முந்தி ஊரில ஒருக்கா ஆமி என்னை மறிச்சு, இது ஆற்ற சைக்கிள் எண்டு கேட்டவங்கள் அக்கா. நான் உண்மையைச் சொல்லிப்போட்டன். அடுத்த நாள் அந்த வீட்டில ஒரு ஆம்பிளையும் இல்லை. இனி நான் ஆற்ற வீட்டையும் காட்டமாட்டன்."

"சரி தம்பி" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். இந்த வாய் சும்மா இருக்கும் வாயா? கவுன்சில்காரனோடு குப்பை வாளிக்குச் சண்டை பிடிக்கும் வாய். அன்றைக்கு அதிலிருந்து வந்தது இரண்டே சொல். போனை வைத்தபிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி ஆறுதல். எங்கள் பேர் வரவில்லை என்ற ஆறுதல். அதை நினைக்க இன்னும் கூசுகிறது.

இரவுச் சாப்பாட்டின்போது கஸ்பரிடம் சொன்னேன். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்த ரெண்டையும் மறந்துபோனன் சுவர்ணா."

"நாளைக்கே போய்ச் சொல்லுவமே?"

"அவன் எழுதிக் குடுத்திட்டான். இப்ப நாங்கள் போனால் அவன் பொய்யன் எண்டாகிடும். அவனுக்குத்தான் கூடாது."

நியாயமாகத்தான் இருந்தது. அந்த நியாயத்துக்குள் லைசன்ஸ் போய்விடும் என்ற பயம் பாதி இருந்ததும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தலையாட்டினேன். பழியை அவர் தலையில் போட எனக்கு உரிமையில்லை. அப்படி ஒரு நியாயத்தை யாராவது சொல்லமாட்டார்களா என்று நானும் காத்துக்கொண்டுதான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை முழுக்கக் கடையில் அந்த நீலக் கோட் என்னைப் பார்த்துக்கொண்டு தொங்கியது. அதற்கு மேலே வேறு உடுப்புகளைப் போட்டு மறைத்தேன். புதன்கிழமை வேறு வழியில்லாமல் எடுத்து மேசையில் விரித்தேன். சிவகௌரியின் அளவுகளைச் சொல்லும் துண்டு பொக்கற்றுக்குள் இருந்தது. தோளுக்கு நேரே, "கொஞ்சம் மெலிஞ்சு போனன் எண்டு சொல்லுறா, பாத்துத் தையுங்கோ" என்று அவர் கையால் எழுதியிருந்தார். கத்திரிக்கோலை வைத்துவிட்டு அழுதேன். வேலை போனால் இந்தக் கோட்டைப் போட ஆள் வராது. இது தெரிந்துகொண்டும் இரண்டு நாள் வாய்மூடி இருந்தவள் நான்.

வியாழக்கிழமை காலை கஸ்பரிடம், "நான் போறன்" என்றேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் எழும்பிப் போய்ப் புதிய ஜக்கெற்றை எடுத்துவந்தார். கமக்கட்டுக்குள் கையை விட்டு, இரண்டு தோட்டாவையும் உருவி மேசையில் வைத்தார்.

"இதோட போனால் உன்னையும் பிடிப்பாங்கள்" என்றார். சிரிக்கவில்லை. ஜக்கெற்றை மடித்து, லைசன்சையும் அதன்மேல் வைத்து என் கையில் தந்தார்.

கம்பனி ஒஃபிஸ் ஏர்போர்ட் வேலிக்கு வெளியே ஒரு மாடிக் கட்டடம். வரவேற்பில் நின்ற பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னதும் உள்ளே விட்டார்கள். மேனேஜர் ஒரு வெள்ளைக்காரி, கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தாள். மேசையின் மற்றப் பக்கம் பாலேந்திரா, கழுத்துவரை பொத்தான் பூட்டிய சேர்ட்டோடு. என்னைக் கண்டதும் அவர் முகம் வெளிறிப்போனது.

"அந்த ஜக்கெற் என்னுடையது. நான்தான் கொடுத்தேன். தோட்டா என் கணவருடையது" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லி, புதிய ஜக்கெற்றை விரித்தேன். உள்ளே கையை விட்டு அந்தப் பொக்கற்றைக் காட்டினேன். லைசன்சை வைத்தேன்.

மேனேஜர் பாலேந்திராவிடம் கேட்டாள், "இவரை உங்களுக்குத் தெரியுமா?"

"நோ மேடம்."

"தம்பி, இது அந்த இடம் இல்லை. உண்மையைச் சொல்லுங்கோ" என்றேன் தமிழில்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார். "நோ மேடம். ஐ டோன்ட் நோ." பிறகு தலையைக் குனிந்து, உதடு அசையாமல், "அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், வீட்டை போங்கோ" என்றார்.

அந்தக் குரலைப் புரிந்துகொள்ள மேனேஜருக்குத் தமிழ் தேவைப்படவில்லை. கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்தாள். கெட்டவள் இல்லை. அதனால்தான் அவள் சொன்னது இன்னும் குத்தியது.

"தோட்டா விஷயம் இதோடு முடிந்தது. பொலிசுக்கு நானே சொல்கிறேன், அவர்களும் விட்டுவிடுவார்கள். ஆனால் இவர் பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அப்படியான ஒருவருக்குப் பாஸைத் திருப்பிக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. நீங்கள் திங்கட்கிழமையே வந்திருந்தால் அன்றைக்கே திருத்தி எழுத வைத்திருப்பேன்." ஜக்கெற்றை மடித்து என் பக்கம் தள்ளினாள். "ஏன் வரவில்லை?"

லைசன்சை எடுத்து ஜக்கெற்றுக்குள் சுருட்டி வைத்தேன். 

வெளியே பஸ் தரிப்பில் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி" என்றேன். எந்தப் பிழைக்கு என்று சொல்லவில்லை. கொடுத்ததற்கா, வராததற்கா, வந்ததற்கா? அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"நீங்கள் வந்திருக்கக்கூடாது அக்கா" என்றார் மெதுவாக. "இனி அண்ணையைத் தேடி வீட்டை வருவாங்களே."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

வந்தார்கள்தான். அடுத்த கிழமை, பொலிசில் இருந்து ஒரு பெண்ணும் ஒரு ஆணுமாய், முதலே போன் பண்ணி, எங்களுக்கு வசதியான நேரம் கேட்டு வந்தார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றவா என்று கேட்டார்கள். சுவரில் பூட்டியிருந்த துவக்குப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். இனிமேல் உடுப்புக் கொடுக்கும்போது கவனமாக இருங்கள் என்று கஸ்பருக்குப் புத்தி சொன்னார்கள், லைசன்சைத் திருப்பிக் கையில் கொடுத்தார்கள். அந்தப் பெண் போகும்போது, "எனக்கு அந்தப் பொக்கற்றைக் காட்ட முடியுமா?" என்று கேட்டாள். கையை விட்டுப் பார்த்து, "நல்ல கெட்டித்தனம். எங்கே தைத்தீர்கள்?" என்றாள். நான் தைத்தேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அவர்கள் போனதும் ஜக்கெற்றை மடியில் வைத்து அந்தப் பொக்கற்றைப் பிரிக்கத் தொடங்கினேன். நான் நெருக்கமாகத் தைத்திருந்தேன், லேசில் பிரியவில்லை. அப்போது போன் அடித்தது. பாலேந்திரா.

"அக்கா, சிவகௌரியின்ர கோட் இப்ப அவசரமில்லை. ஆறுதலாத் தையுங்கோ."

"வேற வேலை ஏதும் பாத்தனீங்களோ தம்பி? இவரும் தெரிஞ்ச இடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்."

"பாக்கிறன் அக்கா. பேப்பரைப் புதுசாப் போடவேணும். அது பறவாயில்லை."  பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கட வீட்டை வந்தவங்களோ?" என்று கேட்டார்.

"ஓம். இப்பதான் போறாங்கள்."

"அண்ணைக்கு அடிச்சவங்களோ?"

மேசையில் இரண்டு கோப்பையும் இன்னும் கழுவாமல் இருந்தன. ஒன்றின் விளிம்பில் அந்தப் பெண்ணின் உதட்டுச் சாயம்.

"இல்லை தம்பி" என்றேன். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனவங்கள்."

மறுமுனையில் அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. உண்மையாகவே சந்தோசப்பட்டார்.

"அப்ப நல்லது அக்கா" என்றார்.