கையால் சுற்றி வெட்டிய மரை

கிட்வே நகரில் மலாமாவின் லேத் பட்டறைக்கு, பூப்பேயின் அம்மா என்று பிள்ளை பெயராலேயே எல்லோரும் கூப்பிடுகிற பெண் காலையிலேயே வந்துவிட்டாள். கையில் மரை தேய்ந்த வெண்கல நட்டு. கூடவே அந்த நட்டு ஏறி இறங்குகிற இரும்புத் திருகும். அவளையும் சேர்த்துப் பதினோரு பெண்கள் நடத்தும் கடலை எண்ணெய்ப் பொறி அந்த நட்டால்தான் நின்றுபோயிருந்தது.

"இடிச்ச கடலை நாலு மூட்டை கிடக்குது. இன்னிக்குப் பிழியலேன்னா காறிப்போயிடும்மா."

"இது தேறாதுக்கா. புதுசுதான் போடணும். வீட்டுக்குப் போயிட்டு மத்தியானம் வாங்க."

"இங்கியே உக்காந்துக்கறேன். வெறுங்கையோட போனா அவளுங்க என்னைப் பிழிஞ்சிடுவாளுங்க."

மலாமா திருகை அளந்து, புது வெண்கலத்தைத் துளைத்து, உள்மரை வெட்ட ஆரம்பித்தாள். வெளிமரையாக இருந்தால் கண்ணால் பார்த்து வெட்டலாம். உள்மரைக்கு, வெட்டும் டூல் இருட்டுக்குள் போய்வருகிறது. காதும் கையும்தான் துணை. பாதி ஆழத்தில் கரண்ட் போயிற்று. டூல் நட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

கரண்ட் இனி சாயங்காலம்தான் வரும். வேறெங்காவது முடிக்கலாம் என்று நட்டைக் கழற்றினால் அதே தடத்தில் டூலை மறுபடி இறக்குவது லேசில்லை. மலாமா கையைத் துடைத்துக்கொண்டாள்.

பக்கத்துப் பட்டறைக் கசொண்டே வாசலில் வந்து நின்றான். இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. பொம்பளை வெட்டின மரை ஒரு மழைக்குத் தாங்காது என்று அவன் சந்தையில் சொல்லியிருந்தான்.

அவன் பூப்பேயின் அம்மாவைப் பார்த்துச் சொன்னான்: "லேத்தைப் பின்னாலேர்ந்து கையால சுத்த என்கிட்ட ஒரு கைப்பிடி இருக்குன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

"அவளுக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நீயே சொல்லு."

"கொண்டு வாங்க," என்றாள் மலாமா.

தன் பட்டறையைப் பூட்டிவிட்டு அவன் கைப்பிடியோடு வந்தான். மோட்டார் பெல்ட்டைத் தளர்த்தி, கைப்பிடியை லேத்தின் பின்புறத் துளையில் செருகி, ஆப்பு வைத்து இறுக்கினான். அவன் பின்னால் நின்று சுற்ற, அவள் முன்னால் குனிந்து டூலைப் பார்த்துக்கொண்டாள்.

"மெதுவா. நிறுத்துங்க. இப்ப திருப்பிச் சுத்துங்க."

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மயிரிழை ஆழம். பத்தாவது ஓட்டத்தில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"தள்ளு தம்பி. முப்பது பேருக்கு உன்ஷிமாக் களி கிண்டின கை இது," என்று பூப்பேயின் அம்மா கைப்பிடியை வாங்கிக்கொண்டாள்.

முதல் தடவை திருகு நுழையவில்லை. இன்னும் இரண்டு ஓட்டம். எண்ணெய் தடவிச் சுற்றியதும் கடைசிவரை போயிற்று. ஆட்டமும் இல்லை, இறுக்கமும் இல்லை. மோட்டார் அதிர்வு இல்லாததால் மரையின் சுவர் கண்ணாடியாக இருந்தது.

கசொண்டே அதை அசைத்துப் பார்த்தான். "சந்தையில நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"நீங்க வரலேன்னா இன்னிக்கு இது முடிஞ்சிருக்காதுண்ணே," என்றாள் மலாமா. கரண்ட் போனதில் அவனுடைய லேத்திலும் பாதி வேலை அப்படியே நிற்கிறது என்பது அவளுக்குத் தெரியும். கைப்பிடியைத் தானே தூக்கிக்கொண்டு அவனோடு நடந்தாள்.

"உங்க வேலையை மாட்டுங்க," என்றாள். "நான் சுத்தறேன்."