மேல் மண்

துணியை ஒயினில் நனைத்து அப்பாவின் உதட்டில் வைத்தாள் ஒதீல். சில நாளாக மகளையே அடையாளம் தெரியாமல் கிடந்த ஆன்செல்ம், நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"கீழ்த் துண்டு நெலத்து ஒயினு. களிமண்ணு."

"ஆமாப்பா. என் பாகத்துப் பழத்துல நான் போட்டது."

"தடிச்சுக்கிட்டு நிக்குது. மேல் துண்டுல உள்ளதக் குடு."

நிலவறைக்குப் போய் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். வாய் திறந்தபடி இருந்தது. கண்களை மூடிவிட்டு, கொண்டு வந்ததை நின்றுகொண்டே குடித்தாள். மெலிசாக, விறைப்பாக, சுண்ணாம்புக் கல்லுக்குள் வேர் இறங்கிப் பட்டினி கிடந்து காய்த்த பழத்தின் ருசி. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

அந்த மண்ணைச் சுமந்தவள் அவள். ஒவ்வொரு மழைக்கும் திராட்சைத் தோட்டத்தின் மேல் துண்டு மண் சரிவில் வழிந்து அடிச்சுவரில் வந்து குவியும். குளிர்காலம் பூராவும் அதை அள்ளி, முதுகுக் கூடையில் மறுபடி மேலே ஏற்றவேண்டும். இருபது வயதிலிருந்து ஏற்றினாள். கூடை வார் அழுத்தித் தோள் இரண்டும் காய்த்துப்போயிருந்தன.

போன வருஷம் அப்பா பாகம் பிரித்தபோது சொன்னார்: "மேல தம்பிக்கு, கீழ ஒனக்கு. மண்ணு ஏத்துறத மட்டும் நீயே பாத்துக்க. அவனுக்கு முதுகு வலி."

அடக்கத்தன்று தம்பி தியரி திஜோன் நகரத்திலிருந்து காரில் வந்து இறங்கினான்.

"அக்கா, குழில போட மேல் துண்டு மண்ணு வேணுமே. இந்த ஷூவோட நான் எங்க ஏறுறது? நீ எடுத்தாந்துரு."

"சரி."

"நேத்து மழைல எறங்குனதையும் இந்த வாரத்துல ஏத்திடு. போட்டு வச்சா கெட்டிப்பட்டுரும்."

ஒதீல் கூடையை மாட்டிக்கொண்டு போனாள்.

திராட்சைக்காரன் செத்தால், அவனுடைய நல்ல நிலத்து மண்ணைப் பிள்ளை கையால் முதலில் போடுவது அந்த ஊர் வழக்கம். கல் கலந்த மேல் மண் சவப்பெட்டியில் ஆலங்கட்டி மாதிரிச் சடசடக்கும். அந்தச் சத்தத்துக்காகவே ஊர் பேச்சை நிறுத்தும். இப்போதும் நிறுத்தியது.

தியரி ஒதீலின் கூடைக்குள் கைவிட்டு அள்ளிப் போட்டான்.

தொப்பென்று விழுந்து பலகையில் அப்பிக்கொண்டது.

பக்கத்து நிலத்துக்காரர் காஸ்பார் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவளருகே சாய்ந்தார். "என்னம்மா, சத்தமே வரலையே?"

"மழைல நனைஞ்ச மண்ணு மாமா."

காஸ்பார் கூடைக்குள் பார்த்தார். அவளைப் பார்த்தார். தொப்பியை மாட்டிக்கொண்டார்.

தியரி கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தான். களி விடவில்லை.

மிச்ச மண்ணைக் குழியில் கவிழ்த்துவிட்டு, தோளிலிருந்து வார்களைக் கழற்றினாள் ஒதீல். காலிக் கூடையை அவனுடைய ஷூவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தாள்.