வராதவர் குணமானவர்

சந்தையில் புளி வாங்கப் போன கம்பவுண்டர் ஜெபமணி, இரும்புக் கடை வாசலில் மாதம்மாளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவள் ஒரு சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு, அறுந்துவிடுமோ என்று இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, புது மாடு வாங்கியிருக்கீங்களா?"

"மாட்டுக்கு இல்லீங்க கம்பவுண்டரய்யா. அவருக்கு."

அவள் புருஷன் தீர்த்தகிரி பாரூரில் கரும்பு போடுகிறவன். காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று காடு மேடெல்லாம் ஓடியவனை, போன வருடம், அறுபத்தேழில், காவேரிப்பட்டினத்தில் டாக்டர் ஜேம்ஸ் நடத்தும், ஜெபமணி வேலை பார்க்கும் சின்ன மனநோய் ஆஸ்பத்திரிக்குக் கட்டித் தூக்கி வந்தார்கள். மாத்திரை தின்று மூன்றே மாதத்தில் ஆள் தேறி, மறுபடி மண்வெட்டி பிடித்தான்.

"மறுபடியும் பேச்சுக் கேக்குதாமுங்க. கிணத்துக்குள்ள இருந்து கூப்பிடறாங்களாம். நாலு நாளா சோறில்ல, தூக்கமில்ல. மோட்டார் ரூம்ல தள்ளிப் பூட்டிட்டு வந்திருக்கேன்."

"மாத்திரை?"

"நல்லாத்தான் ஆயிட்டாரேன்னு தீவாளியோட விட்டுட்டோம். காய்ச்சல் விட்டப்பறம் யாருங்க மாத்திர திம்பாங்க?"

ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு மாதம் தொடர்ந்து வராதவர் பெயருக்கு எதிரே 'குணம்' என்று எழுதிவிடுவார்கள். வராதவருக்கு நோய் இல்லை, அவ்வளவுதான் கணக்கு. தீர்த்தகிரிக்கு எழுதியதும் இதே ஜெபமணிதான். அட பாவி மனுஷா, தெரியாமல் எழுதியிருந்தாலாவது போகட்டும்! பெங்களூரில் நடந்த மருத்துவக் கூட்டத்திலிருந்து டாக்டர் கொண்டுவந்த ஆராய்ச்சி அறிக்கையை அவர் வரி விடாமல் படித்திருந்தார். தேறியதும் மாத்திரையை நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பியது, நிறுத்தாமல் தின்றவர்கள் நிலைத்து நின்றார்கள், ஆகவே வராதவரை வீடு தேடிப் போய் விசாரியுங்கள் என்று அதில் தெளிவாகவே இருந்தது. "அதெல்லாம் பெரிய ஊர் சமாச்சாரம்ப்பா" என்றார் டாக்டர். இவரும் தலையாட்டிவிட்டு அதைப் பீரோவுக்குள் போட்டார்.

அரை மணி நேரத்தில் டாக்டரின் கார் பாரூர் ரோட்டில் பறந்தது. பின் சீட்டில் மாதம்மாள் வாய்க்குள்ளேயே குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். ஏரி தாண்டியதும் இரண்டு பக்கமும் ஆளுயரக் கரும்பு. வேலை நேரத்தில் வயலில் ஒரு குரல் இல்லை. மோட்டார் ரூம் கதவு கீல் பெயர்ந்து தொங்கியது. உள்ளே யாரும் இல்லை.

"ஐயோ, கிணறு!" என்று மாதம்மாள் ஓடினாள்.

கிணற்றின் கடைசிப் படியில், மார்பளவு தண்ணீரில் தீர்த்தகிரி நின்றிருந்தான். யாருக்கோ பதில் சொல்வதுபோல உதடு அசைந்தது. இன்னும் ஓரடி வைத்தால் ஆழம். ஜெபமணி செருப்பைக் கழற்றிவிட்டு, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று முனகிக்கொண்டே பாசிப் படியில் இறங்கினார்.

"தீர்த்தகிரி, நான் கம்பவுண்டர் வந்திருக்கேன்ப்பா."

அவன் மெதுவாகத் திரும்பினான். கண் எங்கோ இருந்தது.

"நீங்க நெசமான ஆளுங்களா?"

"நெசந்தான். தொட்டுப் பாரு."

நீட்டிய கையையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீரையும் ஒருமுறை பார்த்தான். பிறகு அவன் விரல், ஐஸ் மாதிரி ஜில்லென்று, ஜெபமணியின் மணிக்கட்டைப் பிடித்தது.

"இத்தினி நாளு அவங்கதான வந்தாங்க. நீங்க ஒருத்தரும் வரலியே."

கரையேற்றி, ஊசி போட்டு, காரில் படுக்கவைத்தார்கள். டாக்டர் ஜேம்ஸ் மாதம்மாளிடம் கடுப்பாக, "மாத்திரையை நிறுத்தலாமாம்மா? இப்பப் பாரு!" என்றார்.

மாதம்மாள் நனைந்த புருஷனின் தலையை மடியில் வைத்தபடி நிமிர்ந்தாள். "எங்களுக்குத் தெரியாதுங்க. உங்களுக்குமா தெரியாது?"

ஜெபமணிதான் பேசினார்.

"தெரியும்மா. எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். படிச்சுட்டு பீரோவுல வெச்சுப் பூட்டிட்டோம். நோய்க்கு மருந்து கண்டுபிடிச்சவன் அவன் வேலையை முடிச்சுட்டான். அதை உங்க வீடு வரைக்கும் கொண்டாந்து சொல்றதுதான் எங்க வேலை. அதை நாங்க செய்யல. இதேமாதிரி வராம நின்னவங்க இன்னும் பதினாலு பேர் இருக்காங்க, டாக்டர். அவங்க வீட்டுக்கும் நமக்கு முன்னாடி அந்தக் குரலுங்க போயிருக்கோ என்னவோ, தெரியல."