முகமில்லாத வேட்டைக்காரன்

மாதபா ஊருக்குத் தெற்கே பழைய தேவாலயத் தரையை மூடியிருந்த மணலை வாரி மூன்று நாளாகிறது. வண்ணக் கல் சில்லுகளால் படம் பதித்த மொசைக் தரையில் வேட்டைக்காரன் வேல், நாய், செருப்பு சகிதம் நின்றான். முகத்தைத்தான் காணவில்லை. அந்த இடத்தில் கல் சில்லுகள் தாறுமாறாகப் பதிந்திருந்தன.

போன அகழாய்வுப் பருவத்தில் மழை முந்திக்கொண்டதால் அவனைக் கழுத்துவரைதான் திறந்திருந்தோம். குளிர்காலம் முழுக்க இடத்துக்குக் காவல் அபூ ஃபவ்வாஸ். அவன் மகன் வேறு புது பிக்கப் வண்டி வாங்கியிருந்தான். ஊருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

தலைநகர் அம்மானிலிருந்து வந்த தொல்லியல் ஆய்வாளர் ரம்ஸி போலீசுக்குப் புகாரே எழுதிவிட்டார். கையெழுத்து விழுந்தால் அபூ ஃபவ்வாஸின் பதினொரு வருட வேலை போகும், சிறையும் உண்டு.

"முகத்த எங்க வித்த?" என்றார் ரம்ஸி.

"திருடறவன் பேத்து எடுத்துட்டு ஓடுவானா, உக்காந்து குழிய அடைப்பானா உஸ்தாத்?"

"மாட்டிக்கக் கூடாதுன்னு அடைச்சிருப்ப."

"அப்படின்னா கொஞ்சம் ஒழுங்கா அடைச்சிருப்பேனே."

நான் அங்கே மேஸ்திரி. கடைத்தெருவில் வளர்ந்தவன். சரக்கைப் பார்க்காமல் யார் பேச்சையும் நம்புவதில்லை, அவன் பேச்சையும்தான். அடுத்த உருவம், இடிந்து விழுந்த வளைவுக் கற்களுக்கு அடியில் இருந்தது. பல நூறு வருடம் முன்பு கூரை சரிந்த நாளிலிருந்து அந்தக் கற்களை யாரும் அசைத்ததில்லை.

"அதத் திறப்போம்," என்றேன். "அங்க முகம் இருந்தா இவனப் பிடிச்சுட்டுப் போங்க. அங்கயும் இல்லன்னா இவன் எடுக்கல."

எண் போட்டு, படமெடுத்து, ஆறு பேர் கடப்பாரையோடு மதியம்வரை புரட்டினோம். அபூ ஃபவ்வாஸ் கையைக் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றான்.

"ஒரு கை பிடியேன்டா," என்றேன்.

"தொட்டா அதுக்கும் ஒரு கேஸ் போடுவாங்க."

கடைசிக் கல் நகர்ந்ததும் ரம்ஸியே மண்டியிட்டு ஈரத் துணியால் துடைத்தார். கூடை சுமந்த ஒரு பெண். கூடையில் மாதுளைகள் பத்திரமாக இருந்தன. முகத்தில் அதே கலைந்த சில்லுகள். பக்கத்துக் கௌதாரிக்கும் தலையில்லை.

ரம்ஸி மெல்லச் சொன்னார்: "ஆயிரத்து எரநூறு வருஷத்துக்கும் முன்ன, உயிருள்ள உருவம் வேண்டாம்னு தேவாலயத்துக்காரங்களே இப்படிக் கலைச்சிருக்காங்க. படிச்சிருக்கேன்."

"படிச்சும் என் மேலதான் வந்தீங்க," என்றான் அபூ ஃபவ்வாஸ்.

அவர் புகாரைக் கிழிக்கப் போனார். அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கிழிக்காதீங்க உஸ்தாத். பின்பக்கம், காவல்காரன் மேல குத்தமில்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு உங்க எடத்துக்கு வேற ஆள் வருவாரு."

எழுதினார். அவன் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, சாட்சிக் கையெழுத்துக்குத் தாளை என்னிடம் நீட்டினான்.

"நான் எதுக்கு?"

"மூணு நாளா எனக்கு சலாம் சொல்லலையே நீ, அபூ ஜிரியஸ்."

போட்டேன்.